பன்னிரண்டு முழம் திரை

அந்த மருத்துவமனையின் ஆண்கள் எலும்பு வார்டில் ஒன்பது கட்டில்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று ஓடியது. கம்பியில் வளையங்கள் இருந்தன. வளையங்களில் கொக்கிகள் இருந்தன. திரை மட்டும் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் அத்தனை திரைகளையும் மறு அளவீட்டுக்கு என்று கழற்றிக்கொண்டு போனார்கள். அவை இன்னும் அளந்து முடியவில்லை. மருத்துவமனையில் ஒரு மடக்குத் தட்டி இருந்தது உண்மைதான். அது கண்காணிப்பாளரின் அறையில், அவர் கை கழுவும் தொட்டியைப் பிறர் பார்த்துவிடாமல் மறைத்துக்கொண்டிருந்தது.

எழுந்து நடக்க முடிந்த நோயாளிகளுக்குத் திரை இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. நொண்டியோ தத்தியோ வராந்தாவின் கோடிவரை போய் வந்துவிடுவார்கள். ஏழாம் கட்டிலில் வந்து படுத்த பஸ் டிரைவருக்குத்தான் அது பெரிய வினையாகப் போயிற்று. வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று பம்பரில் ஏறி நின்றவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இறங்கவும் முடியாது, திரும்பிப் படுக்கவும் முடியாது. எல்லாமே கட்டிலில்தான். அதற்கென்று கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்பேன் இருந்தது.

டிரைவர் அதை ஒரு முறை பார்த்தார். பிறகு மற்ற எட்டுக் கட்டில்களையும் பார்த்தார். அன்றிலிருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"உள்ள போனாத்தானே வெளிய வரணும்? போகவே வேணாம்" என்றார் மனைவியிடம்.

மனைவி துணி இஸ்திரி போடும் கடை வைத்திருப்பவள். எரியும் கரியோடும் கசங்கிய துணியோடும் இருபது வருடமாகப் பழகியவள் என்பதால் எளிதில் பொறுமை இழக்க மாட்டாள். "ரெண்டு வாய் பால்ல நனைச்ச ரொட்டியாவது சாப்பிடுங்க" என்றாள்.

"இருபத்திரண்டு வருஷம் என் கேபின் கதவைச் சாத்திக்கிட்டு வண்டி ஓட்டினவன் நான். எட்டு பேர் பாக்க அந்தத் தட்டுல உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

"யாருங்க உங்களைப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்ல, அவங்க பாக்கறாங்களான்னு!"

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். "சனிக்கிழமை காலுக்குத் தகடு வைக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள இவர் சாப்பிட்டு, வயிறும் சுத்தமாகணும். இந்த மாதிரி வாடின உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன். இந்தச் சனி விட்டா அடுத்த முறை எப்போன்னு சொல்ல முடியாது. எலும்பு கோணலாக் கூடிக்கிச்சுன்னா அப்புறம் பிரேக்கை மிதிக்கிற கால் இது இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று மாலையே அவள் வீட்டிலிருந்து தன் சேலைகள் இரண்டைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினாள். சேலையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அதற்குள் நர்ஸம்மா ஓடி வந்தாள்.

"ஐயோ, கழட்டுங்க அக்கா. முத்திரை இல்லாத துணி இங்க தொங்கக்கூடாது. போன வருஷம் ஒரு நர்ஸ் ஒரு பெரியவருக்கு இரக்கப்பட்டுத் துண்டைத் தொங்க விட்டா. இப்ப அவ எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது."

"யாரு முத்திரை போடணும்?"

நர்ஸம்மா ஜன்னல் வழியாக முற்றத்தைக் காட்டினாள். அங்கே ஒரு சிலை நின்றது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு இந்த வார்டைக் கட்டிக் கொடுத்த துணி வியாபாரியின் சிலை அது. நல்ல மனிதர். நோயில் கிடப்பவனுக்கும் மானம் உண்டு என்று நினைத்தவர். ஆகவே தன் தானப் பத்திரத்தில் இப்படி எழுதி வைத்திருந்தார்: இந்த வார்டில் படுக்கிற ஒவ்வொருவருக்கும் திரைத் துணி, என் கையால் பன்னிரண்டு முழம். என் துணி தவிர வேறு துணி இங்கே தொங்கலாகாது.

வியாபாரியின் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவர் முழத்தில் எழுதிவிட்டார். அரசாங்கமோ இப்போது மீட்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு அலுவலகம் வேண்டியிருந்தது. பழைய அளவை மாற்று அலுவலகம் என்று அதற்குப் பெயர்.

*

புதன்கிழமை காலை இஸ்திரிக்காரம்மா அந்த அலுவலகத்துக்குப் போனாள். மாடியில் ஒரு நீண்ட கூடம். வரிசையாக நான்கு மேசைகள். நான்கையும் பார்த்தபடி, சற்று உயரமான பலகையின் மேல் ஐந்தாவது மேசை. அதில் தலைமை அளவையாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கூரைவரை அலமாரிகள். அலமாரிகளில் வியாபாரியின் தானத்தில் வாங்கிய வெள்ளைத் துணிக் கட்டுகள். பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது: நல்ல பருத்தி, கெட்டி நெசவு, ஒன்பது கட்டிலுக்கு அல்ல, தொண்ணூறு கட்டிலுக்குக் காணும்.

"ஐயா, வணக்கம். ஏழாம் கட்டிலுக்குத் திரை வேணும். பன்னிரண்டு முழம். கட்டிலைச் சுத்தி என் கையாலயே அளந்து பாத்துட்டேன். சரியா இருக்கு."

தலைமை அளவையாளர் அவள் கையைப் பார்த்தார். "அறிவிக்கப்பட்ட கையா?"

"என்னது?"

"உங்க கையை எந்த அரசிதழ்லயாவது அறிவிச்சிருக்காங்களான்னு கேட்டேன்."

"இல்லைங்க. இது சும்மா... என் கைதான்."

"அதான் பாருங்க. உங்க கை, அவர் கை, என் கைன்னு அளக்க ஆரம்பிச்சா நாடு என்ன ஆகும்?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். நாடு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் மனு எழுதச் சொன்னார். எழுதினாள்.

"இந்த முழத்தை மீட்டராக்கிக் குடுத்துட்டீங்கன்னா துணியை வாங்கிட்டுப் போயிருவேன்யா. ஒரு முழத்துக்கு ஒண்ணரை அடி. பன்னிரண்டு முழத்துக்குப் பதினெட்டு அடி. சின்னக் கணக்குதான்."

தலைமை அளவையாளர் பேனாவைக் கீழே வைத்தார். நான்கு மேசைக்காரர்களும் தங்கள் பேனாக்களைக் கீழே வைத்தார்கள். அவர் பேசப்போகிறார் என்பது அவளுக்கும் புரிந்தது.

"அம்மா, முழம் எப்ப வந்தது? ஆதியில. மீட்டர் எப்ப வந்தது? நேத்து. நடுவுல கோல் வந்தது, கஜம் வந்தது. அதுங்களும் தங்களால முடிஞ்ச சேவையைச் செஞ்சுட்டுத்தான் போயிருக்கு. நீங்க முழத்துலேருந்து ஒரே தாவா மீட்டருக்குத் தாவினா, நடுவுல இருக்கற அத்தனை வருஷமும் எங்கம்மா போகும்? வரலாறு நடந்த வரிசையிலதான் கணக்கும் நடக்கணும். இதை நான் புதுசாச் சொல்லலை. எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர் சொன்னார். அவருக்கு இதைச் சொன்னவர் காலத்துல இந்த நாற்காலியே கிடையாது, நின்னுக்கிட்டே சொன்னார்."

நான்கு மேசைகளும் தலையை ஆட்டின.

"இன்னொண்ணு. பின்னம் கூடாது. முழு எண்தான். அரை, கால், முக்கால்னு ஒரு அரசாங்கம் கையெழுத்துப் போட்டா ஜனங்க நம்மளை என்ன நினைப்பாங்க? மேசைக்கு மேசை பின்னத்தைத் தள்ளிடுவோம். அது எங்க நேர்மை."

"கூட்டியும் முழுசாக்கலாமே, ஐயா?"

"கூட்டறதா?" என்றார் தலைமை அளவையாளர். அவர் முகத்தில் உண்மையான அதிர்ச்சி தெரிந்தது. "இல்லாததை எப்படிம்மா குடுக்க முடியும்?"

அவர் பின்னால் துணிக் கட்டுகள் கூரையை இடித்துக்கொண்டு இருந்தன.

*

முதல் மேசை கள ஆய்வாளருடையது. ஒல்லியான மனிதர். கக்கத்தில் எப்போதும் ஒரு பதிவேடு. பத்திரத்தின் நகலை, அடியிலிருந்த கைரேகைவரை வாசித்துவிட்டு, "'என் கையால்'னு எழுதியிருக்காரு. அப்ப அவர் கையோட நீளம் தெரிஞ்சாகணும்" என்றார்.

"அவர் போய்ச் சேந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சேங்க."

"சிலை இருக்குல்ல."

இருவரும் மருத்துவமனை முற்றத்துக்கு வந்தார்கள். தோட்டக்காரரிடம் ஏணி வாங்கி, அதைச் சிலையின் மேல் சாய்த்து, கள ஆய்வாளர் ஏறினார். ஏணியை அவள் பிடித்துக்கொண்டாள். வலது கையை நீட்டியபடி நின்றிருந்தார் வியாபாரி. வா, வந்து படுத்துக்கொள், பயப்படாதே என்று சொல்வதுபோல இருந்தது அந்தக் கை. ஆனால் மழையிலோ வெயிலிலோ அந்தக் கையின் விரல்கள் உதிர்ந்துபோய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. உள்ளங்கையோடு கை முடிந்துவிட்டது. ஒரு புறா அங்கே உட்கார்ந்திருந்தது. கள ஆய்வாளர் அதை ஓட்டிவிட்டு முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை டேப்பை வைத்தார்.

"பதினஞ்சரை அங்குலம் கிட்ட."

"ஐயா, விரலை விட்டுட்டீங்க."

"விரல் இல்லையேம்மா."

"சிலைக்குத்தான் இல்லை. அவருக்கு இருந்திருக்குமே!"

"இருந்ததுக்கு ஆதாரம்?"

அவள் ஏணியை விடாமல் யோசித்தாள். "பத்திரத்துல கைரேகை வெச்சிருக்காரே. அது விரல்தானே?"

கள ஆய்வாளர் ஏணியில் நின்றபடியே பதிவேட்டைப் புரட்டினார். இந்த வாதத்தை அவர் மதித்தார் என்பது தெரிந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "அது கட்டைவிரல். கட்டைவிரல் நிரூபணமாகுது. ஆனா முழம் போடறது நடுவிரல் வரைக்கும். மத்த நாலு விரலைப் பத்தி அவர் ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாரு" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். இறங்கும்போது, "வெயில்ல நிக்க வெச்சுட்டேன்" என்று சொல்லித் தன் குடையை அவளிடம் கொடுத்தார். மனிதனுக்குள் எங்கோ ஒரு மூலையில் மனிதன் இருக்கத்தான் செய்கிறான். அலுவலக நேரத்தில் அவனைக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை.

அன்று மாலை முடிவு எழுதப்பட்டது. விரலற்ற வியாபாரியின் பன்னிரண்டு முழம், அரசாங்க முழத்தில் பத்தே கால். பின்னம் தள்ளிப் பத்து.

அன்றைக்கும் டிரைவர் ஒன்றும் சாப்பிடவில்லை. உதட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். "எத்தனை முழம் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"பத்துக்கு வந்திருக்கு. நாளைக்குக் கைக்கு வந்துரும்."

"பத்து போதுமா?"

"இழுத்துப் பிடிச்சா மறைச்சுரும்" என்றாள். இரவு வீட்டுக்குப் போய் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டபோது, சாமி, பத்தோடு நிறுத்திக்கொள் என்றுதான் கேட்டுக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை இரண்டாம் மேசை. நான்கு முழம் ஒரு கோல். பத்து முழம் இரண்டரைக் கோல். அரையைத் தள்ளினார்கள். இதற்கு ஒரு தும்மல் நேரம்தான் ஆயிற்று. அந்த மேசைக்காரருக்கு ஜலதோஷம்.

மூன்றாம் மேசையின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு மரக்கோல். நாட்டிலுள்ள கோல்களுக்கெல்லாம் அதுதான் தாய். அதன் ஒரு நுனி பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

"ஒரு கோலுக்கு எத்தனை கஜம்னு நினைக்கிறீங்க?" என்று அந்த மேசைக்காரர் புன்னகையோடு கேட்டார்.

"ரெண்டுங்க."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஒண்ணே முக்கால்."

"கரையான் தின்னுருக்குங்க அதை."

"அம்மா, மூலக்கோலைப் பத்தி அப்படிப் பேசக்கூடாது. கோலோட நீளம் எவ்வளவோ அதுதான் ஒரு கோல். கரையான் வந்த வருஷத்துலேருந்து நாட்டுல ஒரு கோல்ங்கறதே கொஞ்சம் சின்னதாயிடுச்சு. நாங்க எதையும் மறைக்கலை. வருஷா வருஷம் அளந்து அறிவிக்கிறோம்."

"மருந்து அடிச்சு அதை நிறுத்தக்கூடாதுங்களா?"

"மூலக்கோலுக்குள்ள இருக்கற எதையும் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றார் அவர் தாழ்ந்த குரலில். கரையானுக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல இருந்தது.

இரண்டு கோல், மூன்றரை கஜம். பின்னம் தள்ளி மூன்று.

நான்காம் மேசைக்காரர் இடத்தில் இல்லை. நாற்காலியின் முதுகில் அவர் கோட்டு தொங்கியது. கோட்டு இருக்கும்வரை அவர் இருப்பதாகவே அர்த்தம் என்று சொன்னார்கள். மத்தியானம்வரை அவள் அந்தக் கோட்டின் முன்னால் நின்றாள். பிறகு கோட்டுக்குரியவர் வந்து, மூன்று கஜத்துக்கு இரண்டு மீட்டரும் சொச்சமும் என்று போட்டு, சொச்சத்தைத் தள்ளி, இரண்டு மீட்டர் என்று எழுதினார். அந்தச் சொச்சம் முக்கால் மீட்டர்.

இரண்டு மீட்டர் என்றால் கட்டிலின் ஒரு பக்கம். ஒரு பக்கமாவது மறையட்டும், அவர் முகம் திரும்பும் பக்கமாகக் கட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தலைமை அளவையாளர் முன் போய் நின்றாள். அவர் எழுந்து நின்று, தன் கையாலேயே ஒரு கட்டைப் பிரித்து, இரண்டு மீட்டர் துணியை அளந்து வெட்டினார். அந்த வெட்டு நேராக, அழகாக இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

"பொறுங்கம்மா. இந்தத் துணியைத் துவைப்பீங்கள்ல?"

"துவைப்போங்க."

"துவைச்சாச் சுருங்கும். சுருங்கின பிறகு வந்து, குடுத்தது குறையுதுன்னு புகார் பண்ணுவீங்க. முன்கூட்டியே நாங்களே சுருக்கிக் குடுத்துட்டா அந்தச் சங்கடம் இல்லை." ஒரு மீட்டரை வெட்டி அலமாரியில் வைத்தார். "இப்ப நீங்க எத்தனை தடவை துவைச்சாலும் எங்க கணக்கு தப்பாது."

மீதி ஒரு மீட்டர் இருந்தது.

"அப்புறம் மாதிரித் துண்டு. எந்தத் துணி குடுத்தோம்னு ஒவ்வொரு மேசையும் ஒரு சாண் வெச்சுக்கணும். நாளைக்கு நீங்க வேற துணியைக் கொண்டாந்து இதுதான்னு சொல்லிட்டா?"

நான்கு மேசைகளும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் வெட்டிக்கொண்டு போயிற்று. கோட்டுக்காரர் இரண்டு முறை அளந்து வெட்டினார்; அவர் கண்டிப்பானவர். கள ஆய்வாளர் மட்டும் வெட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எஞ்சியது நான்கு விரற்கடைத் துணி. தலைமை அளவையாளர் அதன் மேல் முத்திரையைக் குத்தினார். முத்திரை பெரியது. பாதி துணியில் விழுந்தது, பாதி மேசையில் விழுந்தது.

"வாழ்த்துகள். மூணு வருஷத்துல இந்த அலுவலகத்துலேருந்து வெளிய போற முதல் திரை இது. நாளைக் காலையில கள ஆய்வாளர் வந்து பாப்பாரு. கட்டிலை முழுசா மறைக்குதான்னு அறிக்கை வேணும்."

"இதுவாங்க? முழுசாவா?"

"பத்திரப்படி பன்னிரண்டு முழம் குடுத்திருக்கோமேம்மா" என்றார் அவர், பொறுமையாக.

*

சாயங்காலம் அவள் வார்டுக்குள் நுழைந்தபோது ஒன்பது கட்டில்களும் காத்துக்கொண்டிருந்தன. இரண்டு நாட்களாக அந்த வார்டில் வேறு பேச்சே இல்லை. ஆறாம் கட்டிலில் இருந்த பூட்டு ரிப்பேர்காரர்தான் எல்லாருக்கும் வாய். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்ததே தவிர அவர் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"வாங்கம்மா! எங்க திரை? பின்னால வண்டியில வருதா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தத் துண்டை எடுத்து, கம்பியில் ஒரு கொக்கியில் மாட்டினாள். ஒரு கொக்கிக்குத்தான் அது காணும். ஜன்னல் காற்றில் லேசாக ஆடியது.

வார்டு அதை அண்ணாந்து பார்த்தது. பிறகு பூட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "டிரைவர் மீசையை மறைக்கக்கூட இது காணாதே?"

வார்டு முழுக்கச் சிரித்தது. கழுத்தில் பட்டை கட்டியிருந்த மூன்றாம் கட்டில்காரர் சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கையால் கட்டிலைத் தட்டிச் சிரித்தார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவரே சிரித்தார். மூன்று நாள் பட்டினியில் அவருக்கு அது மூச்சு வாங்கியது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "நாளைக்கு ஒரு நாள் போனா சனிக்கிழமைங்க. என்னால வேற எங்க போக முடியும்? உங்களுக்குக் கால் வேணாமா?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பூட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"டிரைவர் அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முப்பது வருஷமா ஊர்ல பூட்டிக்கிட்ட வீட்டையெல்லாம் திறந்து விடறது என் வேலை. எத்தனை வீட்டுக்குள்ள போயிருப்பேன்! ஒரு வீட்டுல என்ன இருந்துதுன்னு கேளுங்க. சொல்லத் தெரியாது. பூட்டைத் திறப்பேன், முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்துருவேன். கடவுள் கண்ணைக் குடுத்தப்ப இமையையும் சேத்துத்தானே குடுத்தாரு? அதுக்கு முத்திரையும் வேணாம், முழமும் வேணாம். உங்களுக்கு எப்ப வேணுமோ ஒரு இருமல் இருமுங்க. நாங்க சுவரைப் பாத்துக்கறோம்."

"பாக்காம இருப்பீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார் டிரைவர்.

"உங்களை நம்பி நாங்க பஸ்ல ஏறலையா?"

டிரைவர் மற்ற எட்டுக் கட்டில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் மனைவியிடம், "அந்த ரொட்டி இருக்கா?" என்றார். பாலில் நனைத்து நாலு துண்டு சாப்பிட்டார். பிறகு இன்னும் இரண்டு கேட்டார்.

இதற்குள் வார்டில் ஏற்பாடுகள் நடந்தன. ஏழு பேரால் திரும்ப முடியும். கழுத்துப்பட்டைக்காரரால் திரும்ப முடியாது. அவர் செய்தித்தாளை முகத்தின் மேல் விரித்துக்கொள்வதாகச் சொன்னார். "சத்தம்?" என்று டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கும் வழி செய்தார்கள்: இருமல் கேட்டதும் எல்லாரும் உரக்கச் சண்டை போட வேண்டும்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கள ஆய்வாளர் பதிவேட்டோடு வார்டுக்குள் வந்தார். வாசலில் நின்று கம்பியில் ஆடிய நான்கு விரற்கடைத் துணியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பதிவேட்டில் ஏதோ எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. டேப்பை இழுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி இரண்டடி வைத்தார்.

அப்போது டிரைவர் இருமினார்.

ஏழு பேர் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். செய்தித்தாள் ஒரு முகத்தின் மேல் விழுந்தது. இஸ்திரிக்காரம்மா குனிந்து பெட்பேனை எடுத்தாள். உடனே சண்டை ஆரம்பித்தது.

"பதினேழாம் நம்பர் பஸ் மாதிரி லேட்டா வர்ற பஸ்ஸை நான் என் ஆயுசுல பாத்ததில்லை!" என்று கத்தினார் பூட்டுக்காரர் சுவரைப் பார்த்து.

"பதினேழு பரவாயில்லைய்யா, நாற்பது இருக்கே, அது வந்தா அன்னைக்கு மழை!" என்றது இன்னொரு சுவர்.

"பதினேழு என் வண்டி! அது லேட்டா வராது!" என்று ஏழாம் கட்டிலிலிருந்து குரல் கேட்டது. "டிராபிக்கைத் திட்டுங்க, வண்டியைத் திட்டாதீங்க!"

கள ஆய்வாளர் வார்டின் நடுவே டேப்பும் கையுமாக நின்றார். அந்த அறையில் கண் திறந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். பூட்டுக்காரர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "யாரோ செருப்புச் சத்தம் கேட்டுது. ஐயா, யாரா இருந்தாலும் கொஞ்சம் திரும்பிக்குங்க. மனுஷன் கூச்சப்படறாரு."

இப்படி ஒரு வேண்டுகோளை அந்த மனிதரிடம் பணிக் காலத்தில் யாரும் வைத்ததில்லை. அவருக்கு விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. திரும்பிக்கொண்டார். மூக்கு இடிக்கும் அளவுக்குச் சுவரின் அருகே போய் நின்றார். சுண்ணாம்பு வாசம் அடித்தது. பக்கத்தில் நர்ஸம்மாவும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"கட்டிலை முழுசா மறைக்குதான்னு அறிக்கை எழுதணும்" என்றார் அவர் அவளிடம், மன்னிப்புக் கேட்பதுபோல.

"மறைக்குதுன்னு எழுதுங்க. பொய் இல்லையே?"

அவர் யோசித்தார். பொய் இல்லைதான். பதிவேட்டைச் சுவரில் வைத்தே எழுதினார். "அளவு?"

"எண்ணுங்க. அங்க ஏழு முதுகு. ஒரு செய்தித்தாள். நானும் நீங்களும்."

அவர் தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்வதற்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு தெளிவான கையெழுத்தில் எழுதினார்: ஒன்பது முதுகு, ஒரு செய்தித்தாள்.

"முடிஞ்சுதுங்க, எல்லாரும் திரும்பலாம்" என்று டிரைவரின் குரல் கேட்டது. அதில் மூன்று நாள் பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. "ஆமா, அந்தப் புது முதுகு யாருது?"

"ஆபீஸ்லேருந்து வந்திருக்காரு" என்றாள் மனைவி.

"நின்னுக்கிட்டே இருக்காரே. உக்காரச் சொல்லு. நமக்கு எடுத்து வெச்ச டீயில அவருக்கும் ஒரு டம்ளர் குடு."

கள ஆய்வாளர் ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். "நாளைக்கு வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

*

அந்த அறிக்கை அலுவலகத்தில் நான்கு மேசைகளையும் சுற்றியது. ஒரு முதுகுக்கு எத்தனை முழம் என்பதை எந்த மேசையாலும் சொல்ல முடியவில்லை. முதுகுகளைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் செய்தித்தாளை அப்படியே விட முடியாது என்று தலைமை அளவையாளர் கருதினார். ஒன்றரை மாதம் கழித்து, டிரைவர் வீட்டுக்குள் கைத்தடியோடு பத்தடி நடந்து காட்டிக்கொண்டிருந்த வாரத்தில், அவர் கள ஆய்வாளரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்: மேற்படி செய்தித்தாள் எத்தனை அங்குலம்? விரித்த நிலையில் இருந்ததா, மடித்த நிலையில் இருந்ததா? நேரில் கண்டதை உடனே தெரிவிக்கவும்.

கள ஆய்வாளர் அன்றே பதில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். ஒரே வரி.

"நான் அப்போது சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்ததால், ஒன்றையும் காணவில்லை."